பேடாக்கில் கை கொடுத்தவர்களுக்கு

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை, கோவை அருகே செட்டிபாளையம் ஆகிய ஓடுதளங்களின் பேடாக்கில் (பந்தய வண்டிகளை நிறுத்திப் பழுதுபார்க்கும் இடம்) இந்த சீசன் முழுக்கச் சிறுவர் கார்ட் (குட்டிப் பந்தய வண்டி) பந்தயத்துக்குத் துணை நின்ற அனைவருக்கும், பெற்றோர்கள் நாங்கள் எழுதும் நன்றி மடல். ஒற்றை வரியில் நன்றி சொல்லிவிட்டால், அடுத்த வருஷம் பிள்ளையைக் கூட்டிவரும் குடும்பத்துக்கு நீங்கள் செய்தது என்னவென்று தெரியாது. அதனால் விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் சீட் பொருத்தித் தந்த அண்ணனுக்கு. கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது, இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியலும் கிடையாது. பின் ஆக்ஸில் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு. வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு நூலளவு எழும்பினால்தான் வண்டி திரும்பும். அதற்கு சேஸி (வண்டியின் சட்டகம்) முறுக்கிக்கொள்ள வேண்டும், ஓட்டும் பிள்ளையின் எடை வெளிப்பக்கம் இறங்க வேண்டும். அந்த எடை சீட் வழியாகத்தான் சேஸிக்குப் போகிறது. பள்ளிச் சீருடை எடுப்பதுபோல் "வளர்கிற பிள்ளைதானே" என்று ஒரு சைஸ் பெரிய சீட் எடுத்தால், பிள்ளை உள்ளே வழுக்கும், விலா ஓரத்தில் இடிக்கும், விழாமலிருக்க ஸ்டீயரிங்கையே பிடித்துத் தொங்கும். விலாக் கவசத்தை மாட்டவைத்துவிட்டுத்தான் அண்ணன் அளவே எடுப்பார். பிரேக்கை முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் லேசாக மடிந்திருக்கிறதா என்று பார்ப்பார். எடை கூட்டும் ஈயத் தகடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு 8 மில்லிமீட்டர் போல்ட், அகலமான வாஷர், லாக் நட்டு. வாஷர் சின்னதாக இருந்தால் அதிர்வில் சீட்டின் ஃபைபர் கிழிந்து தகடு கழன்று பறக்கும். பின்னால் வருவதும் ஒரு குழந்தைதான்.

கார்புரேட்டர் பார்க்கும் மாமாவுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. ரோட்டாக்ஸ் 125 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின். சிறுவர் பிரிவுகளில் ரெஸ்ட்ரிக்டர் போட்டுச் சக்தியைக் குறைத்திருப்பார்கள். ஆனாலும் ஜெட் (பெட்ரோல் போகும் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு திருகு) விஷயத்தில் அது பெரியவர்கள் வண்டியைப் போலவே கறார். காலைக் குளிர்ச்சியில் காற்று அடர்த்தி, பெட்ரோலும் கூட வேண்டும், மெயின் ஜெட் எண் ஏற வேண்டும். மதிய வெயிலில் காற்று லேசாகிவிடும், எண் இறங்கும். சனிக்கிழமை மதியம் போட்ட சின்ன ஜெட்டை ஞாயிறு காலை மாற்ற மறந்தால் கலவை வறண்டு, சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துவிடும். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில்தான் பெரும்பாலும் பிடிக்கும். ஓட்டம் முடிந்ததும் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்கும் பழக்கத்தை அவர்தான் எங்களுக்கு ஏற்படுத்தினார். காப்பிப் பொடி நிறம் சரி, வெளுத்திருந்தால் ஆபத்து, எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும்; 50:1 கலவை என்றால் 5 லிட்டருக்கு 100 மில்லி ஆயில். அளவுக் குவளையில் அளந்துதான் ஊற்ற வேண்டும், கண்மதிப்பில் அல்ல. கலந்த கேனில் தேதி எழுதாவிட்டால் அவர் தொடவே மாட்டார்.

டயர் பக்கம் நின்ற தம்பிக்கு: ஒரு பக்கம் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் நின்ற வண்டிக்குக் காற்று பிடித்தால் கேஜ் காட்டுவது பொய்க் கணக்கு. நாலு டயரையும் நிழலில் ஆறவைத்து, எப்போதும் ஒரே கேஜில் அளந்தாய். ஓடுதள ஓரத் திட்டான கெர்பில் மோதிவந்த ஒவ்வொரு முறையும் கேட்காமலே டோ (முன்சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) அளந்து பார்த்தாய். முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்ஸில் வளைந்திருந்தால் நேர்ப்பாதையில்கூட ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பியே நிற்கும். அது தெரியாமல் "ஏன் மெதுவாகப் போனாய்" என்று பிள்ளையைத் திட்டுவது எத்தனை அநியாயம்! அந்த அநியாயம் நடக்காமல் காத்தது உன் அளவுகோல்தான்.

வண்டிகள் விதிப்படி இருக்கின்றனவா என்று சோதிக்கும் ஸ்க்ரூட்டினி அதிகாரிகள் பிரேக் பெடலின் இரட்டை இணைப்பை இழுத்துப் பார்க்காமல் ஒரு வண்டியையும் விட்டதில்லை. ஒன்று அறுந்தால் மற்றது பிடிக்க வேண்டும். வண்டிக்கு இருப்பதோ பின்னால் ஒரே ஒரு டிஸ்க் பிரேக். முன் பம்பர் உள்ளே தள்ளியிருந்தால் 5 வினாடி தண்டனை ஏன் என்பதையும் பிள்ளைகள் உயரத்துக்குக் குனிந்து விளக்கினார்கள். முன்னால் போகிறவனை இடித்து வழி எடுக்கக்கூடாது என்பதற்குத்தான் அந்த விதி.

வளைவுகளில் கொடியோடு நாள் முழுக்க வெயிலில் நின்ற மார்ஷல்களுக்கு எங்கள் வணக்கம். ஆரஞ்சு வட்டம் போட்ட கறுப்புக் கொடியைக் காட்டினால் வண்டியில் கோளாறு, பழுதுபார்க்கும் பிட்டுக்கு வா என்று அர்த்தம். தொங்கும் எக்ஸாஸ்டை ஓட்டும் பிள்ளை பார்க்க முடியாது. நீங்கள் பார்த்தீர்கள்.

உப்புப் போட்ட மோர் கொண்டுவந்த அம்மாக்களுக்கும், ஹீட்டுகளுக்கு (சிறு பந்தயச் சுற்றுகளுக்கு) நடுவே ரேஸ் சூட்டை இடுப்புவரை இறக்கிவிடச் சொன்ன பாட்டிக்கும் நன்றி.

செட்டிபாளையத்து ஓடுதளம் கரிவர்தன் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாருதி 800 இன்ஜினைக் கொண்டே ஃபார்முலா கார் கட்டி இளைஞர்களுக்குப் பந்தயத்தை எட்டும் விலையில் கொடுத்தவர். அந்த மண்ணில் இன்னொருவர் பிள்ளைக்கு ஸ்பானர் நீட்டுவது புதிதல்ல என்றாலும், நாங்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசி ரவுண்டில் 219 அளவுச் செயின் ஒன்றைக் கழற்றிக் கொடுத்த பக்கத்துக் கூடாரத்து அப்பாவுக்கு: புதுச் செயின் வாங்கி, எண்ணெயில் ஊறவைத்து, உங்கள் பெயர் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த முறை வரும்போது முதல் வேலையாகக் கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
சிறுவர் பிரிவுப் பெற்றோர்கள்