அரசுப் பக்கத்தில் பொதுமக்களை பிளாக் செய்வதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஊர் உள்ளாட்சி அலுவலகத்தின் முகநூல் பக்கத்தில், தோண்டிப் போட்டு மூடாமல் கிடக்கும் வடிகாலைப் படம் எடுத்துப் போட்டார் பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவர். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, பள்ளத்தின் ஓரமாகப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் படம், அவ்வளவுதான். மறுநாள் கமென்ட்டைக் காணோம், அவரையும் பிளாக் செய்துவிட்டார்கள்.

அது என்ன அவர்களுடைய சொந்தப் பக்கமா? பேச்சுரிமையை எந்தெந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று அரசியல் சட்டத்தின் 19(2) பிரிவு பட்டியலே போட்டிருக்கிறது, அதிகாரிக்குச் சங்கடமாக இருக்கிறது என்பது அதில் இல்லை. இணையத்தில் எழுதியதற்கெல்லாம் கைது செய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்தும், போலீஸ் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்ததால் 2022-ல் மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 2024-ல், அரசு சார்பில் பேசும் அதிகாரம் உள்ளவர் அந்த அதிகாரத்தில் பதிவிட்டால், அங்கே ஒருவரை பிளாக் செய்வது அரசின் செயலாகவே கருதப்படும் என்று சொல்லிவிட்டது.

எனவே பாதிக்கப்பட்டவர்கள் சும்மா இருக்காதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அப்புறம் தேடினால் கிடைக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, யார் அழித்தது, எந்த விதிப்படி, எழுத்தில் உத்தரவு உண்டா என்று கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கருத்தை நீக்கினால் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று தமிழக அரசும் ஒரு அரசாணை போடட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்