சுற்றறிக்கையை எழுத்தாகப் போடுங்கள்: அரசுத் துறை இணையதளப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசுத் துறைகளின் செயலர்களுக்கும், இயக்குநர்களுக்கும், துறை இணையதளங்களைக் கவனித்துக்கொள்ளும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கணினி மையம் வைத்திருக்கிறேன். விண்ணப்பம் நிரப்புவது, சான்றிதழ் எடுத்துக்கொடுப்பது, ஜெராக்ஸ் என்று ஓடுகிறது பிழைப்பு. உங்கள் இணையதளங்களை நீங்கள் திறப்பதைவிட நான் அதிகம் திறக்கிறேன். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி, தன் அம்மாவோடு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்தார். கடைசித் தேதி, தேவையான சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கைபேசியில் ஏஐயிடம் கேட்டுத் தயாராகத்தான் வந்திருந்தார். அது சொன்னதெல்லாம் போன வருடத்து விதி. இந்த வருடம் தேதியை முன்னால் நகர்த்திவிட்டீர்கள், வருமானச் சான்றும் புதிதாக வாங்கியிருக்க வேண்டும். அவர்கள் வந்தபோது தேதி முடிந்து போயிருந்தது. "கவர்மெண்ட் வெப்சைட்லயே போட்டிருக்காங்கன்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் தம்பி போன் தப்பாச் சொல்லுது?" என்று அந்த அம்மா கேட்டார்.

நியாயமான கேள்வி. பதில் இதுதான். போன வருடத்து அறிவிப்பை ஏதோ ஒரு வேலைவாய்ப்புச் செய்தித் தளம் வார்த்தைக்கு வார்த்தை தட்டச்சு செய்து போட்டிருந்தது. இந்த வருடத்து அறிவிப்பு உங்கள் துறையின் தளத்தில் மட்டும், ஸ்கேன் எடுத்த பிடிஎஃப் ஆக இருந்தது. எழுத்தாக இருந்ததை இயந்திரம் படித்தது. படமாக இருந்ததை விட்டுவிட்டது.

அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். மூன்று பக்கம், மூன்றும் இடப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. ஸ்டேப்ளர் பின் அடித்த மூலை மடிந்து முதல் வரியில் பாதியை விழுங்கிவிட்டது. கடைசித் தேதி வருகிற வரியின் மேல் ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப். தொகை மூவாயிரமா எட்டாயிரமா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு நானே இரண்டு முறை பார்த்தேன். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள் ஓட்டினால் துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசம் தெரியாமல் திணறுகிறது. அட்டவணையில் ஒரு மாவட்டத்தின் எண் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடுகிறது. கோப்பின் பெயரோ 'ஸ்கேன் 0001 புதியது ஃபைனல் 2'. எந்தத் துறை, எந்த ஆண்டு, எதைப் பற்றியது, ஒன்றும் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுற்றறிக்கை பிறக்கும்போது எழுத்தாகத்தான் பிறக்கிறது. உங்கள் அலுவலக உதவியாளர் கணினியில்தான் அடிக்கிறார். அதை அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, மறுபடி ஸ்கேன் செய்து படமாக்கி ஏற்றுகிறீர்கள். படிக்கக்கூடிய ஒன்றைப் படிக்க முடியாததாக ஆக்குவதற்கு இத்தனை பேர் மெனக்கெட வேண்டுமா?

கையெழுத்திட்ட நகல்தான் செல்லும் என்பீர்கள். சரி, அதையும் போடுங்கள். அதற்கு மேலே, அதே பக்கத்தில், முழு வாசகத்தையும் ஒருங்குறி (யூனிகோட்) எழுத்தாக, அதாவது எந்தக் கணினியும் கைபேசியும் படிக்கும் பொதுக் குறியீட்டில், போடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

ஒருங்குறி என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில துறைகளில் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் தட்டுகிறார்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த 'தமிழ்' திரையில் அழகாகத் தெரியும். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து விழும். இயந்திரத்துக்குத் தெரிவது அதுதான். ஒருங்குறியில் அடித்தாலும் பிடிஎஃப் ஆக்கும்போது ஒற்றைக்கொம்பு இடம் மாறி எழுத்துகள் உடைந்துபோவது உண்டு. அதனால்தான் இணையப் பக்கத்திலேயே போடுங்கள் என்கிறேன். 2010இல் ஒருங்குறியை அரசாணை போட்டு ஏற்றுக்கொண்டது வேறு யாருமில்லை, நீங்கள்தான்.

மதுரைத் திட்டத் தன்னார்வலர்கள் 1998 பொங்கலில் தொடங்கி, ஒரு பைசா சம்பளம் இல்லாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். இன்று எந்த இயந்திரமும் சங்கப் பாடல்களைப் படித்துவிடுகிறது. போன வாரத்துச் சுற்றறிக்கையைத்தான் படிக்க முடியவில்லை.

ஆனால் முகப்பில் குறை சொல்ல முடியாது. ரிப்பன் வெட்டும் படங்கள் நல்ல தெளிவில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. ஐந்து வருடத்துப் பழைய அறிவிப்புக்குப் பக்கத்தில் 'புதியது' என்று சிவப்பில் மின்னிக்கொண்டே இருக்கிறது. வருகையாளர் எண்ணிக்கை மட்டும் ஒரு நாளும் நிற்பதில்லை. 2020லேயே செயற்கை நுண்ணறிவுக்கென்று கொள்கை வெளியிட்ட மாநிலம் நாம். இப்போது துறைதோறும் சாட்பாட் வரப்போகிறது என்று பேச்சு. வரட்டும், சந்தோஷம். அது எதைப் படித்துப் பதில் சொல்லும்? இந்தச் சாய்ந்த மூன்று பக்கத்தையா?

'ஏஐயை நம்பி வந்தால் நாங்கள் என்ன செய்வது' என்று யாராவது கேட்கலாம். அலுவலகத் தொலைபேசியை எடுக்க ஆளிருந்தால் அவர்கள் ஏன் அதனிடம் கேட்கப் போகிறார்கள்?

கோபம் கொஞ்சம் மிஞ்சிவிட்டது, மன்னியுங்கள். கேட்டது இயந்திரத்துக்கான சலுகை அல்ல. திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள் வைத்திருக்கும் பார்வையற்ற மாணவருக்கும் உங்கள் ஸ்கேன் வெறும் வெற்றுப் பக்கம்தான். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இன் நான்காவது பிரிவு, தகவல்கள் மக்களுக்கு எளிதில் கிடைக்க வேண்டும், இயன்றவரை மின்னணு வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருக்கிறது. மத்திய அரசின் இணையதள வழிகாட்டு நெறிகளும் 2023இல் மூன்றாம் பதிப்பைக் கண்டுவிட்டன. உங்களுக்குத் தெரியாததா?

பழைய கோப்புகள் அனைத்தையும் நாளைக்கே மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. இனி வெளியிடும் ஒவ்வொரு சுற்றறிக்கைக்கும் முழு வாசகத்தை ஒருங்குறி எழுத்தாகப் பக்கத்தில் போடுங்கள். தலைப்பைத் தலைப்பாகவும் அட்டவணையை அட்டவணையாகவும் அமையுங்கள். மேலே வெளியிட்ட தேதி இருக்கட்டும். புதிய ஆணை வந்தால் பழையதன் தலையில் 'இது இப்போது நடைமுறையில் இல்லை' என்று ஒரு வரி சேருங்கள். இதற்குத் தனியாக டெண்டர் விட வேண்டியதில்லை, அந்த உதவியாளரின் கணினியில் இருக்கும் கோப்பே போதும்.

அந்த மாணவி போன்றவர்களுக்கு இந்த ஆண்டு இன்னொரு வாய்ப்புத் தர முடியுமா என்பதையும் கருணையோடு பரிசீலித்து, ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணினி மையக்காரர்