கல்வெட்டுச் சுவர்களை மணல் வீச்சு இல்லாமல் சுத்தம் செய்ய உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
சிவன் கோயில் தெரு பொதுமக்கள்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இணை ஆணையர் அவர்கள்,
இந்து சமய அறநிலையத் துறை,
தஞ்சாவூர்.

பொருள்: எங்கள் ஊர்ச் சிவன் கோயில் திருப்பணியில் கருங்கல் சுவர்களைச் சுத்தம் செய்யும் முறை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கோயிலில் குடமுழுக்குக்கான திருப்பணி தொடங்கவிருப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். சுவர்களில் சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் பாசியும் ஏறிக் கிடப்பது உண்மை. ஆனால், இடத்தைப் பார்வையிட வந்த ஒப்பந்ததாரரின் ஆட்கள், "வாட்டர் வாஷ் பண்ணினா ஒரே வாரத்துல புதுக்கல் மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எங்களுக்குக் கலக்கமாக இருக்கிறது. மணலைத் தண்ணீரோடு கலந்து வேகமாக வீசி அடிப்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். புதுக்கல் யாருக்கு வேண்டும்?

கருவறையின் வடபுறச் சுவரிலும் கீழே குமுதம் என்னும் அடித்தள வளைவிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் சுண்ணாம்புக்கு அடியில் 'சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு' என்ற வரி தெரியும். நந்தா விளக்கு ஒன்று அணையாமல் எரிய யாரோ கொடுத்த ஆடுகள். எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். மணலை வேகமாக வீசினால் முதலில் தேய்வது அந்த எழுத்தின் விளிம்புதான். மேல்தோல் உரிந்த கல் சொரசொரப்பாகி, முன்பைவிடச் சீக்கிரம் அழுக்குப் பிடிக்கும். அப்புறம் அதை மறைக்கக் கறுப்பு வார்னிஷ் அடிப்பார்கள். அந்தத் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு நுரையீரல் நோய் வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மணல் வீச்சு கூடாது என்பது தங்கள் அறநிலையத் துறையே சொன்னதுதான். தண்ணீரோடு மணலைக் கலந்து அடித்தாலும் அதே கதைதான், பெயர் மட்டும் வேறு. திருப்பணிகளில் பழங்கட்டடப் பாதுகாப்பு நிபுணர்களின் பங்கு போதவில்லை என்பதை, 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன யுனெஸ்கோ அறிக்கையும் சுட்டிக்காட்டியது.

வேறு வழி இல்லாமல் இல்லை. தொல்லியல் துறையினர் மிகக் குறைந்த அளவு அமோனியா கலந்த நீரையும் அமிலமில்லாத சோப்புக் கரைசலையும் கொண்டு, நைலான் பிரஷால் கையாலேயே தேய்த்துப் பாசியை எடுக்கிறார்கள். உப்புப் பூத்த இடத்தில் நனைத்த காகிதக் கூழை அப்பிக் காயவிட்டால், உப்பு அதோடு உரிந்து வந்துவிடும். நாள் பிடிக்கும், கூலியும் கூடும். சரி, அதற்கு ஏற்றபடி மதிப்பீட்டைத் திருத்தலாமே. உபயதாரர்களிடம் பேச நாங்கள் தயார்.

ஆகவே, பாலாலயத்துக்கு (திருப்பணிக்காகச் சுவாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் சடங்குக்கு) முன்பே தொல்லியல் வல்லுநர் ஒருவர் சுவர்களைப் பார்வையிட்டு, எல்லாக் கல்வெட்டுகளுக்கும் மைப்படி (தாளில் மையால் ஒற்றி எடுக்கும் நகல்) எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். மணல் வீச்சு, அதிக அழுத்தத் தண்ணீர், ஆசிட், வார்னிஷ் எதுவும் கூடாது என்று டெண்டரிலேயே எழுத வேண்டும். கல் இடுக்குகளில் சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும். முதலில் கல்வெட்டு இல்லாத ஒரு மூலையில் ஒரு சதுர அடி மட்டும் சுத்தம் செய்து காட்டி, வல்லுநர் ஒப்புக்கொண்ட பிறகே மற்றச் சுவர்களில் கைவைக்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: சுவர்களின் இன்றைய நிலையைக் காட்டும் புகைப்படங்கள், கையொப்பப் பட்டியல்.