அடுத்த எஃப்சிக்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) முன்: லாரி உரிமையாளர்களுக்கு ஓர் ஓட்டுநரின் மடல்

நாமக்கல், சங்ககிரி வட்டார லாரி உரிமையாளர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் உங்கள் ஷெட்டில் ஏற்கெனவே நிற்கும் வண்டிகளை அந்த விதி தொடவில்லை. இன்னும் பல ஆண்டுகள் நாங்கள் ஓட்டப்போவது அவற்றைத்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது, சேசிஸ் (கேபின் இல்லாத அடிச்சட்டம்) வாங்கிவந்து நம் ஊர்ப் பட்டறையில் மரக் கேபின் கட்டிய வண்டியில். எஞ்சின் இடது முழங்காலை ஒட்டியே கிடக்கும். மே மாதம் நாக்பூரைத் தாண்டும்போது வெளியே 45 டிகிரி. எஞ்சின் மூடிமேல் போட்ட ஈரச் சாக்கு கொஞ்ச நேரத்தில் மொரமொரவென்று காய்ந்துவிடும். ஜன்னலைத் திறந்தால் அனல் காற்று, மூடினால் எஞ்சின் அனல்.

இடுப்பு வலி வெறும் வண்டியில்தான் அதிகம். முழுப் பாரத்துக்கென்று பூட்டிய பிளேட் ஸ்பிரிங், பாரம் இல்லாதபோது வளைந்தே கொடுக்காது. ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்பில் வந்து இடிக்கும். சென்ற ஆண்டு ஒரு நடை புதிய வண்டியில் போனேன். ஓட்டுபவரின் எடைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் காற்று இருக்கை. ஹைதராபாத்தில் கதவைப் பிடிக்காமல் இறங்கி நிமிர்ந்து நின்றேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் அதுதான் முதல் முறை. அந்த வண்டியில் ஏசியும் இருந்தது. டீசல் அதிகம் செலவாகும் என்று முதலாளி ஃபியூஸைக் கழற்றி வைத்திருந்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வெயிலில் வாடியவனுக்குப் பிற்பகல் மூன்று மணிக்குக் கண் சொருகும். பின்னால் இருப்பது உங்கள் வண்டி, உங்கள் சரக்கு.

பழைய வண்டிக்கு ஏசி கேட்கவில்லை. கியர் கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். சூடும் புகையும் அந்த ஓட்டை வழியாகத்தான் ஏறுகின்றன. எஞ்சின் மூடிக்கு அடியில் வெப்பம் தடுக்கும் விரிப்பு ஒட்டுங்கள். ஆலை வாசலில் லோடுக்காக இரண்டு நாள் காத்துக் கிடக்கும்போது, எஞ்சினை அணைத்துவிட்டு உறங்க, பேட்டரியில் ஓடும் ஒரு மின்விசிறி போதும்.

எஃப்சிக்கு விடும்போது பெயின்ட் புதிதாக அடிக்கிறீர்கள், தார்ப்பாய் கொக்கிவரை சரிபார்க்கிறீர்கள். அடுத்த முறை ஓட்டுநர் இருக்கையையும் கழற்றிப் பாருங்கள். ஸ்பாஞ்ச் அமுங்கிப்போயிருந்தால் மாற்றுங்கள். வண்டியைப் பட்டறையிலிருந்து எடுப்பதற்கு முன், அதை ஓட்டப்போகிறவரை ஒருமுறை அதில் உட்காரவைத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளை ஓட்டும் ஒருவன்