அந்த மூன்றாண்டில் போனவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழில் நான் முதலில் பிரிப்பது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான். வயதாகிவிட்டால் அப்படித்தான் என்று என் மகள் கேலி செய்வாள். அந்தப் பக்கத்தில் 'நினைவஞ்சலி' என்று வரும் படங்களுக்குக் கீழே 2020, 2021 என்று வருடம் இருந்தால், இவருடைய சாவுக்கு எத்தனை பேர் போக முடிந்திருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கிலிருந்து வந்த ஒரு கோரிக்கைதான் இந்தக் கடிதம்.

கொவிட் காலத்தில், அதாவது 2020 முதல் 2022 வரை, நாம் இழந்தவர்களைப் பற்றி நான்கைந்து வரி எழுதி அனுப்பும்படி வாசகர்களைக் கேளுங்கள். வாரத்துக்கு ஒரு முறை அதற்கு இடம் கொடுங்கள். இறந்தவர் பிரமுகராக இருக்க வேண்டியதில்லை.

2020 மார்ச் 21ஆம் தேதி சிங்கப்பூரில் கொவிட்-19 கிருமித்தொற்றுக்கு முதல் இருவர் பலியானார்கள். ஒருவர் 75 வயது சிங்கப்பூர் மாது, இன்னொருவர் 64 வயது இந்தோனீசிய ஆடவர். தொற்றியவர்களின் பட்டியலில் அவர்கள் பெயரில்லாமல் வெறும் 90ஆவது நபர், 212ஆவது நபர். அந்த நேரத்தில் அப்படிச் சொன்னதில் தவறில்லை. தொற்று யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தேடுகிறவர்களுக்கு எண் தேவைப்பட்டது. குடும்பத்தின் அந்தரங்கத்தையும் காக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு முடிந்தபோது இறந்தவர்கள் 29 பேர். அப்புறம் டெல்டா வந்தது. 2021 முடிந்தபோது 828 பேர். அந்த அக்டோபரில் ஒரே நாளில் பத்துப் பேருக்கு மேல் இறந்த நாள்கள் பல. ஒவ்வொரு மாலையும் அறிவிப்பு வரும்: இத்தனை பேர், இந்த வயதிலிருந்து இந்த வயது வரை, ஏற்கெனவே உடல்நலப் பிரச்சினைகள் இருந்தவர்கள்.

இந்தக் கடைசி வரிதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. சுகாதார அமைச்சு மருத்துவத் தகவலாகச் சொன்னதை நாம் வேறு மாதிரி எடுத்துக்கொண்டோம். "சுகர் இருந்துச்சாம்", "ஹார்ட் ஆபரேஷன் பண்ணியிருந்தாராம்" என்று காப்பிக்கடையிலும் மின்தூக்கியிலும் பேசி, நமக்கு வராது என்று நமக்கு நாமே தைரியம் சொல்லிக்கொண்டோம். அறுபதைத் தாண்டிய நம்மவர்களில் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இல்லாதவர்கள் எத்தனை பேர்? அந்தச் சர்க்கரையோடேயே இன்னும் பத்துப் பதினைந்து வருடம் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போய் வந்திருக்கக்கூடியவர்கள் அவர்கள்.

2023 பிப்ரவரி 13 அன்று நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை பச்சைக்கு மாறியது. அதற்குள் 1,700 பேருக்கு மேல் இங்கே இறந்திருந்தார்கள். மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு, மறுக்கவில்லை. போராடியவர்களுக்கு அரசாங்கம் பதக்கமும் சான்றிதழும் கொடுத்தது. தாதியர், துப்புரவாளர், தங்குவிடுதிகளில் வேலை பார்த்தவர்கள் என்று ஒவ்வொருவரும் அதற்குத் தகுதியானவர்கள்தான். போய்ச் சேர்ந்தவர்களின் கதையை எழுதிவைப்பது அரசாங்க வேலை என்று நான் நினைக்கவில்லை. அது பத்திரிகையின் வேலை.

வெளியூர்ப் பத்திரிகைகள் இதைச் செய்திருக்கின்றன. இத்தாலியின் பெர்காமோ நகர நாளிதழில் 2020 மார்ச் மாதத்தில் மரண அறிவித்தல்கள் மட்டுமே பத்துப் பக்கம் வந்தன, வழக்கமாக ஓரிரு பக்கம்தான். அதே ஆண்டு மே 24ஆம் தேதி 'நியூயார்க் டைம்ஸ்' தன் முதல் பக்கத்தில் படமே போடாமல் இறந்தவர்களின் பெயர்களைக் கொண்டு நிரப்பியது. உள்பக்கங்களிலும் தொடர்ந்து, மொத்தம் ஆயிரம் பேர். பெயர், வயது, ஊர், அப்புறம் அவரைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்த வரிகளை ஊர் ஊராக வந்த இரங்கல் குறிப்புகளிலிருந்து எடுத்துத் தொகுத்திருந்தார்கள். அமெரிக்காவில் அப்போது இறந்தவர்கள் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர், ஆகவே அந்தப் பட்டியலில் வந்தது நூற்றில் ஒரு பங்குதான். நம் எண்ணிக்கைக்கு நாம் எல்லோரையுமே எழுதிவிடலாம் என்பது என் ஆசை.

நினைவுச்சின்னம் கட்டச் சொல்லவில்லை. பீச் ரோட்டில் 1967 பிப்ரவரி 15ஆம் தேதி திறக்கப்பட்ட நான்கு தூண்களைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிறார்கள். ஜப்பானியர் காலத்தில் மாண்ட நான்கு இனத்துப் பொதுமக்களுக்கான சின்னம் அது. கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போனால் 24,000க்கும் மேற்பட்ட போர்வீரர்களின் பெயர்கள் சுவரில் இருக்கின்றன, நம் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் உண்டு. பீச் ரோட்டுத் தூண்களுக்கு அடியிலோ அடையாளம் தெரியாதவர்களின் எலும்புகள். கடைக்காரர், ரிக்‌ஷா இழுத்தவர், தோட்டத் தொழிலாளி என்று யார் யாரோ. அவர்களின் பெயரைக் குறித்துவைக்க அன்று ஆளில்லை. நம் கதை அப்படியில்லை. பெயர் தெரிந்தவர்கள் நாம் உயிரோடுதான் இருக்கிறோம்.

சார்ஸிலும் இப்படித்தான் ஆனது. 2003இல் இங்கே இறந்த 33 பேரில் ஐவர் மருத்துவத் துறையினர். அந்த ஐவரை நாடு இன்றும் நினைவுகூர்கிறது. மற்ற 28 பேரின் நினைவு அவரவர் வீட்டோடு நின்றுவிட்டது.

நம் வழக்கத்தில் சாவு என்றால் கூட்டம். புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, வருகிறவர்கள் ஒவ்வொருவரும் இறந்தவரைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள். கப்பல் பட்டறையில் உடன் வேலை பார்த்தவர் வந்து, வீட்டுக்காரர்களுக்கே தெரியாத ஒரு கதையைச் சொல்வார். கோயிலில் பழகியவர் இன்னொன்று சொல்வார். ஒருவர் யார் என்று குடும்பம் முழுசாகத் தெரிந்துகொள்வதே அந்த இரண்டு மூன்று நாளில்தான். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரையிலான முடக்கத்தில் இறுதிச் சடங்குக்கு 10 பேர்தான். அப்புறம் 20, 30 என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். கொவிட்டால் இறந்தவர்களுக்கோ உடலை இரண்டு உறையில் வைத்து, காற்றுப் புகாத பெட்டியில் மூடி, ஒரு நாளுக்குள் மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். முகம் பார்க்கவில்லை, வாய்க்கரிசி இல்லை, நீர்மாலை இல்லை. தொற்று பரவாமலிருக்க அது தேவைதான், ஆனால் அந்த வீடுகளில் சொல்லப்பட வேண்டிய கதைகள் யாரும் சொல்லாமலே நின்றுபோயின. பதினாறாம் நாள் காரியத்தைக்கூடக் கைத்தொலைபேசியில் காட்டினார்கள். திரையில் ஐயர் தெரிவார், ஒலி வராது, யாரோ "மியூட்ல இருக்கு" என்பார்கள்.

எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 ஆகஸ்ட் 5ஆம் தேதி கொவிட்டோடு மருத்துவமனையில் சேர்ந்து, செப்டம்பர் 25 அன்று மறைந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம். எதிர்வீட்டு அம்மாவும் அழுதார். ஏப்ரலில் தன் கணவரை அனுப்பிவைத்தபோது கல் மாதிரி நின்றவர் அவர். பாட்டுக்காரருக்கு அழும் சாக்கில் வீட்டுக்காரருக்கு அழுதார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த வீட்டுக்காரர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பளு தூக்கும் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் தாழ்வாரத்தில் ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் வீட்டுச் சாவியை அவரிடம்தான் கொடுப்போம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், தபாலை எடுத்துவைப்பார், திரும்பி வந்ததும் எந்தச் செடிக்கு உரம் போதவில்லை என்று திட்டும் விழும். மனைவியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இப்படி நான்கு வரி போதும் என்கிறேன்.

வெளிநாட்டு ஊழியர்களை இதில் விட்டுவிடக் கூடாது. தங்குவிடுதிகளில் 2020 முடிவதற்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. இளம் வயது என்பதால் நோயால் இங்கே இறந்தவர்கள் மிகச் சிலரே. அவர்கள் இழந்தது ஊரில். இந்தியா தன் வழக்கமான அனைத்துலக விமானச் சேவையை 2020 மார்ச் 23 முதல் நிறுத்தியிருந்தது. 2021 ஏப்ரலில் டெல்டா அங்கே கொளுத்தியபோது, அங்கிருந்து சிங்கப்பூருக்குள் வரும் வேலை அனுமதிக்காரர்களுக்கு இங்கேயும் கதவு அடைத்தது. அப்பா இறந்தால் போகலாம், திரும்பி வேலைக்கு வர முடியுமா என்பது தெரியாது. கடன் வாங்கி வந்தவன் என்ன செய்வான்? போகாமல் இருந்தான். அப்படி இருந்தவர்கள் இன்றும் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களின் பட்டுக்கோட்டை அப்பா, அறந்தாங்கி அம்மா, மின்வாரியக் கம்பத்தில் ஏறி வேலை பார்த்த அண்ணன், எல்லோரும் இந்தப் பக்கத்துக்கு உரியவர்கள்தான். அவர்கள் இறந்தது சிங்கப்பூரில் இல்லையே என்று சிலர் கேட்கலாம். அழுதது சிங்கப்பூரில்.

"முடிஞ்சு போனதை ஏன்மா கிளறணும்?" என்று என் தம்பியே கேட்டான். கேட்கட்டும். இன்னொரு தயக்கம் இதைவிடப் பெரியது. 2020இல் தொற்று வந்த வீட்டைச் சுற்றியிருந்தவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பது நமக்குத் தெரியும். மின்தூக்கியில் கூட ஏறமாட்டார்கள், பலகாரத்தட்டு திரும்பி வரும். அதனால் சாவுக்குக் காரணம் கொவிட் என்று சொல்லாமலே மறைத்த குடும்பங்கள் உண்டு. ஆகவே காரணத்தைக் கேட்காதீர்கள். அந்த மூன்றாண்டில் புற்றுநோயிலோ மாரடைப்பிலோ போனவர்களில் பலருக்கும் கொஞ்சம் பேர்தான் வர முடிந்தது, அவர்களும் இருக்கட்டும். தடுப்பூசி போட்டாரா இல்லையா என்ற பேச்சு இந்தப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். அந்தச் சண்டையில் ஏற்கெனவே பல குடும்பங்கள் உடைந்துவிட்டன.

குடும்பத்தின் ஒப்புதல் இல்லாமல் எதையும் போடாதீர்கள். பட்டம், பதவி, 'அன்னார்', 'இறைவனடி சேர்ந்தார்' எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லுங்கள், அதெல்லாம் விளம்பரத்தில் இருக்கிறது. என்ன வேலை பார்த்தார், எதற்குச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார், அது போதும். மலாய், சீன அண்டைவீட்டாரைப் பற்றித் தமிழில் எழுத நினைப்பவர்களுக்கும் இடம் கொடுங்கள். என் அம்மாவுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி கேக் செய்து கொடுத்த மக்சிக்கை, அந்த மலாய் அம்மாவைப் பற்றி நான் எழுதித் தருகிறேன்.

தமிழில் எழுத வராத பிள்ளைகள், எழுதவே நேரமில்லாத ஊழியர்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தர, என்னைப்போல் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் சிலர் தயாராக இருக்கிறோம். ஞாயிறு மாலைகளில் தேக்காவுக்கு வரவும் எங்களால் முடியும். எந்தக் கிழமையில், எத்தனை சொற்களுக்குள் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி ஒருவர்,
ஈசூன்