எழுத்துப் பயிற்சிக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரி

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது தொடர்பாக நான் எழுதும் ஆறாவது கடிதம் இது. முந்தைய ஐந்துக்கும் புகார் எண் மட்டுமே பதிலாக வந்தது.

ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கான தங்கள் நான்கு மாத வகுப்புக்கு 24,500 ரூபாய் செலுத்திச் சேரும்போதே, நான் செவிலியர் என்பதையும், பிரிட்டனில் பதிவு பெற அகாடமிக் என்ற வகைத் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 9-க்கு 7-உம் எழுத்தில் 6.5-உம் வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லியிருந்தேன். அப்படியிருந்தும் முதல் ஆறு வாரம், கடிதம் எழுதச் சொல்லும் ஜெனரல் டிரெய்னிங் என்ற வேறு வகைத் தேர்வின் பாடங்களே வந்தன. வரைபடத்தையும் அட்டவணையையும் பார்த்து 150 சொற்களுக்குக் குறையாமல் விவரிக்கப் பழக வேண்டிய நான், வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இதைக் கேட்டபோதுதான் தங்கள் ஊழியர் தொலைபேசியில், "உங்களுக்கு இங்கிலீஷ் வரலைன்னா நாங்க என்னம்மா செய்யறது?" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். ஒன்பது ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில், ஆங்கிலக் குறிப்புகளைப் படித்து மருந்து கொடுத்துவரும் என்னிடம் பேசும் பேச்சா இது?

கேட்டலையும் வாசித்தலையும் விடைகளை வைத்து வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். எழுத்தை அப்படிப் பழக முடியாது. கேள்விக்கு ஏற்ற விடை, கருத்துக் கோவை, சொல்வளம், இலக்கணம் ஆகிய நான்கையும் சமமாக எடைபோடும் தேர்வில், எதில் சறுக்குகிறோம் என்று விவரம் தெரிந்த ஒருவர் சுட்டிக்காட்டினால்தான் அடுத்த கட்டுரை தேறும். அதற்காகவே தங்களிடம் பணம் கட்டினேன். இரவுப் பணி முடிந்து வந்து, கடிகாரம் வைத்துத் தலா 40 நிமிடத்தில் எழுதிய 18 கட்டுரைகளில் மூன்றுதான் திரும்பி வந்தன. மூன்றிலும் "நன்று, மேலும் முயலவும்" என்ற ஒரே வரி.

மீதியை நேரில் கொண்டுவந்தால் ஆசிரியர் திருத்தித் தருவார் என்று தங்கள் அலுவலகம் சொன்னதை நம்பி, விடுப்பு எடுத்து, நெல்லை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து சென்னை வந்தேன். ஒன்பது மணி முதல் காத்திருந்த என்னிடம், ஆசிரியர் அன்று விடுமுறை என்பதைப் பதினொன்றரை மணிக்குத்தான் சொன்னார்கள். குடிக்கத் தண்ணீர்கூட யாரும் தரவில்லை.

தேர்வில் கேட்டலில் 7.5, வாசித்தலிலும் பேசுதலிலும் 7, எழுத்தில் மட்டும் 5.5. நான்கின் சராசரியாக 7 வந்தும் பயனில்லை. கிடைக்கவிருந்த வேலை போயிற்று. என் எதிர்காலமே இருண்டுவிட்டது.

தங்கள் நிறுவனத்தின் மீது எனக்குப் பகை ஏதுமில்லை. பயிற்சிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பயணச் செலவு மூன்றையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தவறினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். திருத்தப்படாத 15 கட்டுரைகளும் ரயில் பயணச்சீட்டும் பத்திரமாக என்னிடம் உள்ளன.

பணம் வந்தாலும், தொலைபேசியில் அப்படிப் பேசிய ஊழியர் எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்கும்வரை இந்தப் புகாரைத் திரும்பப் பெறமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் மாணவி,
திருநெல்வேலி