200 கோடியைக் கழித்தால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கணினிகளை எறிந்துவிடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். என்னுடையது இன்னும் ஓடுகிறது. யூஸ்நெற் என்ற பழைய இணைய வலையமைப்பின் செய்திக்குழுக்களை, அதாவது ஆட்கள் கடிதங்களும் கோப்புகளும் போடும் பொதுக் குழுக்களை, அதில்தான் வாசிக்கிறேன். போன மாதம் கோப்புகள் குவியும் ஒரு குழுவில் புதிதாக எதுவுமே வரவில்லை. சேர்வர் பழுது என்று திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் பிடிபட்டது: குழுவில் ஒவ்வொரு கடிதத்துக்கும் சேர்வர் கொடுக்கும் வரிசை இலக்கம் 2,147,483,647ஐத் தாண்டியதும், அதற்கு மேல் எண்ணத் தெரியாத பழைய 32 பிட் மென்பொருளில் அது கழித்தல் எண்ணாகிவிடுகிறது!

சரி என்று சேர்வருக்கும் என் மென்பொருளுக்கும் நடுவில் சின்னப் புரோகிராம் ஒன்றை வைத்தேன். வரும் இலக்கத்தில் 200 கோடியைக் கழிக்கும், போகும் இலக்கத்தில் கூட்டும். கடிதத்தைத் திறக்கும் கட்டளையில் மட்டும் கூட்ட மறந்துவிட்டேன். தலைப்புகள் அழகாக வந்தன, எதைத் திறந்தாலும் சேர்வரிடமிருந்து 423 என்ற பதில், அதாவது அப்படியொரு கடிதம் இல்லையாம். ஒரு வரி திருத்தினேன். இப்போது வாசிக்கிறேன்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6